நடந்து காட்டச் சொன்ன கடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். அசிக்ஸ் நடைச் சப்பாத்து (ஷூ), போன வருட மாடல். அட்டையில் 359 வெள்ளி (ரிங்கிட்), எனக்குக் கொடுத்தது 289. ஏழு மாதமாக, மழை நாள் போக, தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். அடிப்பாகம் தேயவே இல்லை என்று புளுக மாட்டேன். தேய்ந்திருக்கிறது, ஆனால் சமமாகத் தேய்ந்திருக்கிறது. என் சப்பாத்து சமமாகத் தேய்வது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

கடை மலேசியாவில், எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், பழைய கடை வரிசையில் இருக்கிறது. பெயரைப் போடப்போவதில்லை. கடைக்கார அண்ணனைப் பற்றி நல்லதும் எழுதப்போகிறேன், கெட்டதும் எழுதப்போகிறேன், நடுவில் என்னைப் பற்றியும் எழுதப்போகிறேன். சின்ன ஊர். ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும்: வாசலில் காற்பந்துகளை வலையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கடை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். 2007 வரை எங்கள் ஊரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. மலாயில் பத்தாங் என்றால் தண்டு, பெர்ஜுந்தை என்றால் தொங்குவது. இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஊரெல்லாம் சிரித்ததால் பெயரை மாற்றினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பெயர் போனதில் கொஞ்சம் வருத்தம். இன்னொரு பெருமையும் உண்டு. பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதல்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார். தோட்டத்துக்குப் பெயர் தென்னைமரம், நட்டது செம்பனை. ஒரு பெயரை வைத்துக்கொண்டு வேறொன்றாக வளர்வது இந்த மண்ணுக்குப் பழக்கம்தான்.

சரி, கடைக்கு வருவோம்.

உள்ளே நுழைந்ததும் மூன்று வாசனை அடிக்கும். புது ரப்பர், ஜெர்சியில் பெயர் ஒட்டும் சூட்டு மெஷின், யோக்கோ யோக்கோ தைலம். இடப்பக்கச் சுவர் முழுக்கப் பள்ளிக்கூடக் கறுப்புச் சப்பாத்து. எங்கள் காலத்து வெள்ளைச் சப்பாத்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்குப் பூசி வெயிலில் வைக்கும் வெள்ளைத் தண்ணியும் போயே போய்விட்டன. அதற்குக் கீழே மூட்டை மூட்டையாக அடிடாஸ் கம்போங். நிஜ அடிடாசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, வழுக்காமல் இருக்க அடியில் குமிழ் வைத்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் போடுவது. கினபாலு மலை வழிகாட்டிகள் அதைப் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்து இப்போது கோலாலம்பூர் ஓட்டக்காரர்களும் தேடி வருகிறார்களாம். இங்கே ஒரு ஜோடி 12 வெள்ளி. என் அப்பா குலை வெட்டிய காலம் முழுக்க அதைத்தான் போட்டார். எனக்கு மட்டும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பூட்ஸை வாங்கியதும் இதே கடையில்தான், 1997-ல். அதற்கப்புறம் 27 வருடம் நான் இந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. எதிர்வரிசையில் மருந்துக்கடைக்குப் போவேன், பக்கத்தில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக்கடை) தே தாரிக் குடிப்பேன். இங்கே மட்டும் வர மாட்டேன்.

அப்பா தோட்டத்து காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரர். அவருக்கு சாமிக்கு அடுத்தது ஆறுமுகம். முருகனைச் சொல்லவில்லை, கோல்கீப்பர் ஆறுமுகத்தைச் சொல்கிறேன். நீளக் கையால் எந்தப் பந்தையும் எட்டிப் பிடிப்பதால் நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்ட மனுஷன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது அவர்தான் கோல்கீப்பர். கடைசியில் நாடு புறக்கணித்துவிட்டது, போகவில்லை. 1988-ல் கார் விபத்தில் செத்துப்போனார். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார் அப்பா. என் கை நீளம் என்று எந்த மருத்துவச்சி சொன்னாளோ தெரியவில்லை, நான் பிறந்த நாளிலிருந்து கோல்கீப்பர்தான் என்று முடிவு பண்ணிவிட்டார்.

பூட்ஸை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினார். வளர்கிற கால், வருஷத்துக்கு ஒன்று வாங்க முடியாது. முன்பக்கம் பேப்பரைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனேன். பந்து வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அது ஒன்றும் பெரிய குற்றமில்லை, பந்துக்குப் பயந்த பையன்கள் வேறு சிலரும் இருந்தார்கள். என் பிரச்சினை பந்து வருவதற்கு முன்னால், கோலுக்கு நடந்து போகும்போதே தொடங்கிவிடும்.

"டேய், நடந்து காட்டுடா."

அதுதான் விளையாட்டு. பந்து விளையாட்டு அப்புறம்தான். நான் நடந்தால் இடுப்பு ஆடும். ஆட்டாமல் நடக்க எவ்வளவோ பழகிப் பார்த்தேன். செம்பனை வரிசைக்கு நடுவில் தனியாகப் போய், கையை விறைப்பாக வைத்துக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி நடந்து பார்த்தேன். அது இன்னும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். பெரிய பையன்கள் 'ஒம்போது' என்பார்கள், மலாய் தெரிந்தவர்கள் 'பொண்டான்' என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும், முன்னால் நடந்துகொண்டே, திரும்பாமல், "ஆம்பள மாதிரி நட" என்பார்.

இதைப் படித்துவிட்டு, 'பாவம், விளையாட்டே பிடிக்காத பையன்' என்று நினைத்தால் அது தப்பு. எனக்குத் திடல் ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் காற்பந்துப் போட்டி நடந்தால் காலையிலேயே போய்விடுவேன். பனிக்கட்டி வாங்கி வருவது, தண்ணீர் கொடுப்பது, சுளுக்கியவன் காலில் தைலம் தேய்ப்பது எல்லாம் என் வேலை. இடது பக்கம் ஓடும் ஓர் அண்ணன் இருந்தார். அவர் கெண்டைக்காலில் யோக்கோ யோக்கோ தேய்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும், மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம். ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது. இன்னொன்றையும் கவனித்தேன். என்னை ஒம்போது என்று சொன்ன அதே பையன்கள், கோல் போட்டவுடன் ஒருவன் மேல் ஒருவன் ஏறிக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பார்கள். அதை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதற்குள் நுழைய ஒரு கோல் போட வேண்டும். எனக்கோ பந்து வந்தால் கண் மூடிக்கொள்ளும்.

பள்ளியில் ஒரு ஆசிரியர் (பெயர் வேண்டாம், இப்போதும் கோயில் திருவிழாவில் பார்க்கிறேன், நன்றாகத்தான் பேசுகிறார்) ஒருநாள் எரிச்சலில், "நீ போய் பொம்பளப் பிள்ளைங்களோட வலைப்பந்து விளையாடு" என்று அனுப்பிவிட்டார். தண்டனை. எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் வட்டத்துக்குள் நின்று, இந்த நீளக் கையால் பன்னிரண்டு முறை வளையத்தில் போட்டேன். வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது, நின்று, குறி பார்த்துப் போடலாம். யாரும் எட்டி உதைக்க மாட்டார்கள். என் ஆறாம் ஆண்டில் அதைவிட நல்ல மத்தியானம் வேறு இல்லை. மறுவாரமும் அந்தத் தண்டனை கிடைக்கும் என்று காத்திருந்தேன். ஆசிரியருக்கு விஷயம் புரிந்துவிட்டதோ என்னவோ, திரும்பவும் காற்பந்துக்கே அனுப்பிவிட்டார்.

அது 1998. அந்த வருடத்தை விட்டுவிட்டு இந்தக் கடையைப் பற்றி என்னால் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. வலைப்பந்தை அந்த விளையாட்டில் முதல்முதலாகச் சேர்த்ததே அந்த வருடம்தான். நான் டிவி முன்னால் உட்கார்ந்து ஆஸ்திரேலியப் பெண்கள் போடும் ஒவ்வொரு பந்தையும் எண்ணினேன். அப்புறம் ஒரு நாள் செய்தியில் கோவிந்தசாமி சரவணனைக் காட்டினார்கள். 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து ஜெயித்த ஒரு தமிழன். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். "நம்மாளு!" என்றார்.

நான் பார்த்தது வேறு. அந்த மனுஷனின் இடுப்பு ஆடியது. என் இடுப்பு ஆடுவதைவிட நாலு மடங்கு ஆடியது.

வேகநடையின் விதியைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விடக் கூடாது. முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேராக வரும் வரை முட்டி மடங்கக் கூடாது. நடுவர்கள் வழியெல்லாம் நின்று பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் போட்டியிலிருந்து நீக்கம். துள்ளவும் கூடாது, முட்டியை மடக்கவும் கூடாது, ஆனால் வேகமாகப் போக வேண்டும் என்றால் காலடியை நீட்ட ஒரே வழி, இடுப்பைச் சுழற்றுவதுதான். இடுப்பை ஆட்டாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

மறுநாள் தோட்டத்துத் திடலில் பையன்கள் எல்லாரும் இடுப்பை வளைத்து வளைத்து வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாரம் தோட்டமே என்னைப்போல நடந்தது. நான் குறுக்கே போனபோது ஒருவன், "டேய் சரவணா, வாடா!" என்று கூப்பிட்டான். கிண்டல்தான். ஆனால் ஒம்போதை எடுத்துவிட்டுத் தங்கம் வாங்கியவன் பெயரை வைத்திருந்தான். நான் போய் அவர்களோடு நடந்தேன். ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டாவதாக வந்தேன்.

அதே செப்டம்பரில்தான் துணைப்பிரதமராக இருந்த அன்வார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், விளையாட்டு முடியும் நேரத்தில் கைதானார். அவர்மீது வந்த ஒரு குற்றச்சாட்டின் பெயர் பத்திரிகையில் நாள் தவறாமல் வந்தது. 'ஓரினப் புணர்ச்சி'. அதில் வந்த தண்டனைத் தீர்ப்பு 2004-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் ரத்தானது. அரசியல் எனக்கு வேண்டாம், நான் சொல்ல வந்தது வேறு. பன்னிரண்டு வயதில் எனக்கு அந்தச் சொல் புதிது. அப்பா பேப்பரை மடித்து மேலே பரண்மேல் வைத்தார். நான் ஏறி எடுத்துப் படித்தேன். இது நான்தான் என்று புரிந்ததும், இதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் 20 வருடம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் நடந்தது. பையன்களும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். சரவணன் போய்விட்டான். நான் திடலுக்குப் போவதை விட்டேன். பூட்ஸைக் கழுவி, காயவைத்து, பக்கத்து லயத்துப் பையனுக்குக் கொடுத்தேன். அப்பாவிடம், ஆறாம் ஆண்டுப் பரீட்சை இருக்கிறது, படிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். (இங்கிலாந்தில் 1990-லேயே தான் யார் என்று வெளியே சொன்ன காற்பந்துக்காரர் ஜஸ்டின் ஃபாஷனு தற்கொலை செய்துகொண்டதும் அதே 1998 மே மாதம்தான். அங்கே அவருக்குப் பிறகு ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன அடுத்த ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் 2022-ல் ஜேக் டேனியல்ஸ். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்தது.)

இப்போது ஏன் போனேன்? இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு முட்டியில் அறுவை நடந்தது, பார்த்துக்கொள்ள நான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து திரும்பி வந்தேன். அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போன இடத்தில் சும்மா எனக்கும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. மிஸ்ஸி (நர்ஸ்), "தினமும் நடக்கணும், வெறுங்கால்ல நடக்கக் கூடாது, நல்ல சப்பாத்தா வாங்குங்க" என்றார். ஒரு வருடம் ஆன்லைனில் வாங்கிய சப்பாத்திலேயே நடந்தேன். முட்டியின் உள்பக்கம் வலித்தது. வேறு வழியில்லாமல் போனேன்.

அண்ணனுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் மூக்குக் கண்ணாடி, கையில் பூப்பந்து (பேட்மின்டன்) ராக்கெட் நரம்பு. நிமிர்ந்து பார்க்காமல், "வாங்க தம்பி, என்ன வேணும்?" என்றார். நடக்கச் சப்பாத்து என்றேன். "போட்டிருக்கறதைக் கழட்டுங்க."

கழற்றினேன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தார். உள்பக்க ஓரம் வழுக்கையாகியிருந்தது, வெளிப்பக்கம் புதிதாக இருந்தது. "ம்" என்றார். ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, காலை நனைத்து, முந்தின நாள் 'மலேசிய நண்பன்' பத்திரிகை மேல் மிதிக்கச் சொன்னார். என் பாதம் முழுக்கப் பதிந்தது. நடுவில் வளைவே இல்லை, செங்கல் மாதிரி. "தட்டைப் பாதம். அதுதான் கால் உள்ள சாயுது, முட்டி இழுக்குது."

அப்புறம் சொன்னார்: "நடங்க தம்பி, பார்ப்போம்."

கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். ஜெர்சி எடுக்க வந்த இளவட்டங்கள். எனக்கு 39 வயது, பன்னிரண்டு வருடம் கணக்காய்வு நிறுவனத்தில் பெரிய பெரிய முதலாளிகளிடம் பேசி வேலை பார்த்தவன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. "இங்கயா?" என்றேன். "வேற எங்க? கதவு வரைக்கும் போயிட்டு வாங்க. சாதாரணமா நடங்க, விறைப்பா நடக்காதீங்க, எனக்குத் தெரியணும்."

விறைப்பா நடக்காதீங்க. நடந்தேன். கதவு வரை பத்து காலடி, திரும்ப பத்து காலடி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து என் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தரம்." நடந்தேன். இளவட்டங்களில் ஒருவன்கூட போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் நிமிர்ந்து, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "நீங்க அவரு மகனா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அதானே பார்த்தேன். உங்க அப்பா நடை இது. அவருக்கும் தட்டைப் பாதம். அவரு பூட்ஸும் உள்பக்கம்தான் தேயும்."

வியாபாரத்துக்காகச் சொன்னாரா, உண்மையாகவே ஞாபகமா, தெரியாது. அப்பாவைக் கேட்க முடியாது. அவர் எப்போதும் எனக்கு முன்னால்தான் நடந்து போனார், நான் பின்னால் தலை குனிந்து போனேன். அவர் நடையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சரி, சப்பாத்து. மூன்று ஜோடி எடுத்து வைத்தார். 420 வெள்ளிக்கு ஒன்று இருந்தது, அதை அவரே தள்ளிவிட்டார்: "இது ஓடறவங்களுக்கு. ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கும், உங்க கால் இன்னும் சாயும்." அசிக்ஸில் உள்பக்கம் கொஞ்சம் கெட்டியாக வைத்திருக்கிறார்கள். குதிகால் பக்கத்தை அமுக்கிக் காட்டினார், மடங்கவில்லை. முன்பக்கத்தை மடக்கிக் காட்டினார், விரல் இருக்கும் இடத்தில் மட்டும் மடங்கியது. நடுவில் மடங்கினால் வாங்காதே என்றார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டார். "காலையில வந்து வாங்கக் கூடாது, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது வாங்கணும்" என்று என்னை ஐந்து மணிக்குத் திரும்ப வரச் சொன்னார். வந்தேன். காலையில் சரியாக இருந்த ஒன்பது, சாயங்காலம் பிடித்தது. ஒன்பதரை வாங்கினேன். இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் பேப்பர் திணித்த அதே கடையில், அரை சைசுக்காக ஒரு மனிதர் என்னை இரண்டு தடவை வரவைத்தார். முட்டி வலி மூன்றாவது வாரத்தில் நின்றது. இனிப்பு நீர்க்காரர்களுக்கு அவர் சொல்லும் இன்னொன்று: சப்பாத்துக்குள் கைவிட்டுத் தையல் தடவிப் பாருங்கள். உராயும் தையல் இருந்தால் புண் வரும் வரை தெரியாது.

ராக்கெட் நரம்பு மாற்றும் வேலையும் பார்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ராக்கெட் என்னுடையது இல்லை. 2012 ஆகஸ்டு 5 இரவு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில் லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டம் பார்த்தேன். நம் லீ சோங் வெய்க்கும் சீனாவின் லின் டானுக்கும். முதல் செட் 21-15 நம் பக்கம், இரண்டாவது 10-21 போனது, மூன்றாவது 19-21. கடைசிப் புள்ளி போனதும் பக்கத்து மேசையில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவன் என் தோளில் தலையை வைத்து அழுதான். கடையில் எல்லா ஆண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குக் கோல் போடாமலே கிடைத்தது. இந்த நாட்டில் அன்று இரவு லின் டானுக்கு மனசுக்குள் நன்றி சொன்ன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் இன்னும் என்னோடு இருக்கிறான். வாரம் மூன்று நாள் பூப்பந்து ஆடுகிறான். நான் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்கிறேன், வேலை மாறவே இல்லை.

அவன் ராக்கெட்டைக் கொண்டுபோனேன். "யாரோடது?" என்றார் அண்ணன். "கூட்டாளியோடது" என்றேன். நம் ஊர்த் தமிழில் கூட்டாளி என்றால் சினேகிதன். தமிழ்நாட்டில் பங்குதாரர், பார்ட்னர் என்கிற மாதிரி அர்த்தமாம். எந்த ஊர்க்காரர் கேட்டாலும் நான் பொய் சொல்லவில்லை.

அவன் 28 பவுண்டு இறுக்கம் கேட்டிருந்தான். அண்ணன் அறுந்த நரம்பைப் பார்த்தார். மேலே, சட்டத்தின் ஓரமாக அறுந்திருந்தது. "நடுவுல படலை, ஓரத்துல படுது. இதுக்கு 28 போட்டா கை வலிதான் வரும். 25 போடறேன். இறுக்கம் குறைச்சா பந்து தானா பறக்கும், அடிக்கற இடமும் பெரிசா கிடைக்கும்." யோனெக்ஸ் பிஜி 65 நரம்பு, கூலியோடு 30 வெள்ளி. அவனுக்குக் கோபம், என் விளையாட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டாரே என்று. இரண்டு வாரம் ஆடிவிட்டு, கை நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

இப்போது குறைகள். கார்டு வாங்க மாட்டார், ரொக்கம் அல்லது டச் அண்ட் கோ (போனில் பணம் கட்டும் செயலி). பதினொரு மணிக்குத் திறப்பதாகப் பலகை சொல்லும், பதினொன்றரைக்குத் திறப்பார். வியாழன் மூடல். பதினொன்றுக்கு மேல் சைஸ் கிடையாது. ஜெர்சிக்குப் பெயர் அச்சடிக்கக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுங்கள், கண்ணன் என்பது கணன் ஆகி வந்ததைப் பார்த்தேன்.

இன்னொரு குறையும் உண்டு, அதற்குத்தான் ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன். ராக்கெட்டை எடுக்கப் போன அன்று பதினாலு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். 18 பவுண்டு போடுங்க அங்கிள் என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டே, "என்னடா, பொண்டான் மாதிரி 18 கேக்கற?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு அது ஒரு பேச்சு. பையனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், வாய் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. என் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஏன் அண்ணே, இறுக்கம் குறைச்சா பந்து தானா பறக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" அவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த ராக்கெட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு 18-ஐ எழுதிக்கொண்டார். வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, மாமாக் கடையில் போய் உட்கார்ந்து ஒரு கோசோங் குடித்த பிறகுதான் அடங்கியது. சீனி போடாத தேநீர், மிஸ்ஸி சத்தியமாக.

அதற்கப்புறமும் போகிறேன். போன மாதம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவளையும் கதவு வரை நடக்கவைத்தார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். 95 வெள்ளிக்குப் பட்டை ஒட்டும் சப்பாத்து, குனிந்து கயிறு கட்ட வேண்டாம்.

போகிறவர்கள் பழைய சப்பாத்தையும் எடுத்துப் போங்கள். கழுவ வேண்டாம். நான் இரண்டாவது தடவை கழுவித் துடைத்துக்கொண்டு போனேன், ஏசினார்.